நின்றதா, முடிந்ததா?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பேருந்து கயத்தாற்றை நெருங்குகையில், சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர் கண்ணில் இரண்டு படும். ஒன்று, 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை நினைவூட்டும் நினைவிடம். மற்றொன்று, கரிசல் வெளியெங்கும் ஓங்கி நிற்கும் காற்றாலைகள். முன்னதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். பின்னதைப் பற்றி, அதிலும் ஓடாமல் நிற்கிற ஒரு காற்றாலையைப் பற்றி, இலக்கியம் பேசும் இடத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நம் வாசகர் கேட்கலாம். இருக்கிறது என்பதைப் பட்டுத்தான் அறிந்தோம். அந்தக் கதை கடைசியில் வருகிறது.

ஆடிக் காற்று பேருந்தின் கண்ணாடிகளை அதிரச் செய்யும் நாளிலும், வரிசையில் ஒன்றிரண்டு காற்றாலைகள் அசையாமல் நிற்பதைக் காணலாம். ஏன் நிற்கின்றன? மின்தொடரில் அழுத்தம் குறைந்திருக்கலாம். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் சூடேறியிருக்கலாம். ஊழியர் ஒருவர் மேலே ஏறிப் பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம். காற்று அளவு மீறி வீசியதால் எந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. காற்று வரும் திசைக்கேற்பத் தலைப்பகுதி திரும்பித் திரும்பி, கோபுரத்தின் உள்ளே தொங்கும் மின்வடங்கள் முறுக்கேறிவிடும். குறிப்பிட்ட அளவு முறுக்கானதும் எந்திரம் தானே நின்று, எதிர்த்திசையில் சுற்றி முறுக்கை அவிழ்த்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கும். இது பழுதே அன்று. ஆனால் சாலையிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே நிற்பு. வேறுபாட்டைச் சொல்வது கோபுரத்தின் அடியில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றே. எந்திரம் எதனால் நின்றது என்பதை அது ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது. பராமரிக்க வரும் ஊழியர் அண்ணாந்து இறக்கைகளைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பார்க்கிறார்.

இந்த வட்டாரத்துக்கும் காற்றாலைக்கும் உறவு பழையது. இந்தியாவில் முதன்முதலில் காற்றாலைத் தொகுதிகள் நிறுவப்பட்ட 1986-ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடிக் கரையிலும் அவை நிறுவப்பட்டன. டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் செய்த 55 கிலோவாட் எந்திரங்கள். 1998-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காற்று ஆற்றல் தொழில்நுட்ப மையம், டென்மார்க் அரசின் உதவியுடன் கயத்தாற்றில் ஒரு சோதனை நிலையத்தை அமைத்தது. (அம்மையத்தின் இன்றைய பெயர் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம்.) ஓர் எந்திரம் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பது மட்டுமா அங்கே சோதனை? எப்படி நிற்கிறது, நிற்க வேண்டிய நேரத்தில் ஒழுங்காக நிற்கிறதா என்பதும் சோதிக்கப்படுகிறது.

கணினிக்குள் ஓடும் நிரல்களும் இவ்வாறே நிற்கும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கின்றன. அதை 'எக்ஸிட் கோடு' என்பர். முடிவெண் என்று நாம் சொல்லலாம். பல வேலைகளை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக் கணினியிடம் கொடுத்துவிட்டால், ஒன்றன்பின் ஒன்றாக அது செய்துகொண்டே போகும். இவ்வகைக் கோப்புகளுக்கு 'பேட்ச்' கோப்பு என்று பெயர். ஒரு வரி தோற்றால் அடுத்த வரி என்ன செய்ய வேண்டும்? முந்தைய வரியின் முடிவெண்ணைக் கேட்க வேண்டும். கேட்கச் சொல்லி எழுதினால்தான் கேட்கும். எழுதாவிட்டால், மாடு செத்ததை அறியாமல் கறக்கப் போன ஆயன் போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்தக் கேள்வியை மனிதர்கள் எப்படியெல்லாம் வடிவமைத்தார்கள், எங்கெல்லாம் கோட்டை விட்டார்கள் என்பதே இக்கட்டுரை.

படிப்படியாகக் கேட்டுச் செல்லும் முறை கயத்தாற்றுக்குத் தென்கிழக்கே உள்ள கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு என்றதும் மூச்சடக்கி மூழ்கும் மனிதர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் மூழ்குவதற்கு முன் நடந்த வேலைகள் பல. தூத்துக்குடிக்கு அப்பால் கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பது கரையோர வழக்கு. தொலையாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. அதிகாரிகள் முதலில் பார்களைச் சோதிப்பர். சிப்பிகள் முதிர்ந்திருந்தால் மூழ்குவோரை இறக்கி மாதிரிக்குச் சிலவற்றை எடுப்பர். எடுத்த சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்துகளைப் பிரித்துச் சல்லடைகளில் சலித்துத் தரம் பார்ப்பர். வணிகர்கள் அவற்றுக்கு விலை மதிப்பர். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, கட்டுமானால் மட்டுமே சிலாபம் அறிவிக்கப்படும். அறிவிப்பு வெளிவந்தால்தான் படகுகளும் பந்தல்களும் வணிகர் கூட்டமும். எந்தப் படியிலாவது 'இல்லை' என்ற விடை வந்தால் அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. அப்படி முடிந்த ஆண்டுகளே மிகுதி. தூத்துக்குடிக் கரையில் 1860 முதல் 1862 வரை சிலாபம் நடந்தது, அடுத்தது 1889-இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டுக்கும் மேலான காலம் வெறும் மௌனம் என்று வரலாற்றில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அந்த மௌனம் சோதித்துப் பெற்ற விடை.

கேட்காமல் நடந்ததற்கும் இதே கடலில் சான்று உண்டு. 1905-இல் வளைகுடாவின் எதிர்ப்புறம், இலங்கைப் பார்களில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய விளைச்சலைக் கண்டபின், மறு ஆண்டே இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி என்னும் நிறுவனம் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. கம்பெனி சில ஆண்டுகளில் கலைந்தது. ஒரே ஓர் ஆண்டின் விடையை அடுத்து வரும் ஆண்டுகளுக்கெல்லாம் விடையாகக் கொண்டதன் விளைவு இது. இதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இதே பிழையை ஒரு கணினித் திரையில் சந்திப்போம்.

இனிக் கணினிக்கு வருவோம். 1964-இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. அதை இயக்க எழுதப்பட்ட ஓஎஸ்/360-இல், கணினியிடம் வேலை சொல்வதற்கென்றே ஒரு மொழி இருந்தது: ஜேசிஎல். துளையிட்ட அட்டைகளில் அதை எழுத வேண்டும். தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறை அதை எழுதியது. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடிக்கு, 1973-இல் ஐபிஎம் 370/155 வந்து சேர்ந்தது. அந்நாளில் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்வது என்ற பேச்சே கிடையாது. அட்டைக் கட்டை முகப்பில் கொடுத்துவிட்டு, அச்சுத்தாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஏதேனும் பிசகினால் எட்டிப்பார்த்து நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. எனவே, பிசகினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அட்டையிலேயே முன்கூட்டி எழுதித் தரவேண்டியிருந்தது. முடிவெண்ணைக் கேட்கும் வழக்கம் உருவானதன் காரணம் இதுதான். மனிதன் அருகில் இல்லாத இடத்தில் எண் அவனுக்குப் பதிலாக நின்றது.

அந்த எண்கள் 0, 4, 8, 12, 16 என நான்கு நான்காகப் போயின. பூஜ்யம் என்றால் குறையில்லை; 4 என்றால் எச்சரிக்கை; 8 பிழை; 12 கடும் பிழை; 16 வந்தால் கையைக் கழுவ வேண்டியதுதான். ஏன் நான்கின் மடங்குகள்? அந்த எந்திரத்தில் ஒரு தாவல் கட்டளையின் நீளம் 4 பைட். முடிவெண்ணை அப்படியே தாவல் பட்டியலில் கூட்டிக்கொண்டால் உரிய இடத்துக்குப் போய்விடலாம். எந்திரத்தின் வசதிக்காக வைத்த இடைவெளி, பின்னாளில் தரவரிசையாகவே ஆகிப்போனது.

எண்ணைக் கேட்கும் முறையில்தான் ஐபிஎம் சறுக்கியது. 'கண்ட்' என்னும் அந்த நிபந்தனையைத் தமிழில் சொன்னால் இவ்வாறு வரும்: நான்கு என்னும் எண் முந்தைய படியின் முடிவெண்ணைவிடச் சிறியதாயின், இந்தப் படியைச் செய்யாதே. ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். எப்போது செய்ய வேண்டும் என்று சொல்ல வந்தவனிடம், எப்போது செய்யக்கூடாது என்று கேட்கிறது. அதையும் எண்ணைப் பின்னால் வைத்துத் தலைகீழாகக் கேட்கிறது. இரட்டை எதிர்மறைக்குப் பழகிய நம் நீதிமன்றத் தமிழே இதன் முன் தோற்கும். ஓஎஸ்/360 திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ் பிற்காலத்தில், 2010-இல் வெளியிட்ட நூலில், ஜேசிஎல்தான் இதுவரை உருவாக்கப்பட்ட நிரல்மொழிகளிலேயே மிக மோசமானது என்று தம் பிள்ளையைத் தாமே கடிந்துகொண்டார். 'இப்படியானால் செய், இல்லையேல் விடு' என்று நேராக எழுதும் வழி ஜேசிஎல்லுக்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது.

இதே உலகத்தில் ஒரு சுவையான நிரல் உண்டு: ஐஇஎஃப்பிஆர்14. அதன் பணி எதுவும் செய்யாதிருப்பது. அழைத்தவரிடம் உடனே திரும்பிவிட வேண்டும், அவ்வளவே. ஒரே ஒரு கட்டளையில் எழுதினார்கள். அந்த ஒரு வரி நிரலிலும் பிழை இருந்தது! திரும்பும்போது முடிவெண்ணைப் பூஜ்யமாக்க மறந்திருந்தார்கள். முடிவெண் வைக்கும் இடத்தில் முன்னால் கிடந்த ஏதோ ஓர் எண் வெளியே வந்தது. ஒன்றும் செய்யாத நிரல் தோற்றுவிட்டதாக அடுத்த படி முடிவுகட்டியது. பூஜ்யமாக்க இன்னொரு கட்டளையைச் சேர்த்தார்கள். நிரல் இருமடங்கு நீளமானது. சும்மா இருக்கும் சுகத்தைப் பாடிய மரபில் வந்த நமக்கு, சும்மா இருந்தாலும் சும்மா இருந்தேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது புதிய பாடம்.

யூனிக்ஸ் வேறொரு மனநிலையில் பிறந்தது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய அவ்வியங்குதளத்தில், மனிதன் விசைப்பலகையின் முன்னேயே இருந்தான். அங்கும் ஒவ்வொரு நிரலும் ஓர் எண்ணுடன் முடிந்தது. பூஜ்யம் வெற்றி, மற்றவை எல்லாம் தோல்வி. பூஜ்யம் எடுத்தவன் தேர்ச்சி பெறும் விந்தை இது என்று பள்ளியில் படித்த நமக்குத் தோன்றும். காரணம் எளிது. வெற்றிக்கு விளக்கம் தேவையில்லை. தோல்விக்குக் காரணம் சொல்ல வேண்டும், காரணங்கள் பல. ஆகவே பூஜ்யம் ஒன்றை வெற்றிக்கு ஒதுக்கி, மீதி எண்களைக் காரணங்களுக்கு விட்டார்கள். (எல்லோரும் இதை ஏற்கவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளத்தில் ஒற்றைப்படை எண் என்றால் வெற்றி, இரட்டைப்படை என்றால் தோல்வி. பூவா தலையா போடுவதைப் போல.)

1979-இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய கட்டளைச் செயலி இடம்பெற்றது. கேள்வியை அவர் மொழிக்குள்ளேயே வைத்தார். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே && என்று இட்டால், முன்னது வென்றால்தான் பின்னது நடக்கும். || என்று இட்டால், முன்னது தோற்றால்தான் பின்னது நடக்கும். கடைசி முடிவெண் வேண்டுமா? $? என்று எழுதினால் போதும். ஐபிஎம்மின் தலைகீழ் வாக்கியத்தோடு ஒப்பிட்டால் இதன் அழகு விளங்கும். அதே பதிப்பில் 'ட்ரூ' என்றொரு கட்டளையும் இருந்தது. எப்போதும் வெற்றி என்றே சொல்வது அதன் வேலை. அதன் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. வெறும் கோப்பை ஓட்டினால் தோற்பதற்கு ஏதுமில்லை, ஆகவே பூஜ்யம். பின்னாளில் அந்த வெற்றுக் கோப்பின் தலையில் ஏடி அண்ட் டி நிறுவனம் பதிப்புரிமை அறிவிப்பை ஏற்றியது. இன்மைக்கும் உரிமை கோரிய அந்தச் செயலைப் பதிப்பாளரோடு மல்லுக்கட்டிய எழுத்தாளர்கள் புரிந்துகொள்வர்.

அழகு இருந்த இடத்திலேயே பொறிகளும் இருந்தன. முடிவெண்ணுக்கு யூனிக்ஸ் ஒதுக்கியது 8 பிட்; 0 முதல் 255 வரை. எத்தனை பிழைகள் கண்டேன் என்ற எண்ணிக்கையையே முடிவெண்ணாகத் தரும் ஒரு நிரலை எண்ணிப் பாருங்கள். 255 பிழை கண்டால் 255 என்னும். இன்னொரு பிழை சேர்ந்து 256 ஆனால்? எண் சுற்றிவந்து பூஜ்யமாகும். குறையொன்றுமில்லை என்று பொருள். இன்னொரு பொறி, நிரல்களைக் குழாய்களால் இணைப்பதில் இருந்தது. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டி, அதை அதற்கடுத்ததற்கு ஊட்டும் முறை யூனிக்ஸின் பெருமை. ஆனால் அந்தச் சங்கிலிக்கு மொத்தமாக ஒரே முடிவெண். அது கடைசி நிரலின் எண். முதல் நிரல் நடுவழியில் செத்து விழுந்தாலும், கடைசி நிரல் கிடைத்ததை ஒழுங்காக எழுதி முடித்துவிட்டால் எல்லாம் நலம். இதைத் திருத்தும் 'பைப்ஃபெயில்' என்னும் ஏற்பாடு பாஷ் செயலிக்கு 2004-இல் வந்தது. போசிக்ஸ் தரத்தில் 2024-இல்தான் இடம்பெற்றது. இந்தத் தாமதத்தை நாம் எளிதாக மன்னிக்கத் தயாரில்லை.

'கிரெப்' என்னும் தேடற்கருவியின் முடிவெண்கள் தனிக் கவனத்துக்குரியவை. தேடிய சொல் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாமற்போனால் 2. இல்லை என்று அறிவதும், அறிய முடியாமற் போவதும் வெவ்வேறு என்பதை அது பிரித்துச் சொல்கிறது. வடத்தின் முறுக்கை அவிழ்க்க நிற்கும் கயத்தாற்றுக் காற்றாலையும், எண்ணெய் சூடேறி நிற்கும் காற்றாலையும் போல. பூஜ்யமா இல்லையா என்று மட்டும் கேட்பவன் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவான்.

நம்மில் பெரும்பாலோர் கணினியை முதலில் தொட்டது யூனிக்ஸில் அன்று, டாஸில். 1983 மார்ச்சில் வந்த டாஸ் 2.0-இல்தான் ஒரு நிரல் முடிவெண் விட்டுச்செல்லும் முறையும், பேட்ச் கோப்பில் அதைக் கேட்கும் முறையும் ஒழுங்காக அமைந்தன. கேட்கும் வரி 'இஃப் எர்ரர்லெவல் 1' என்றிருக்கும். முடிவெண் 1-ஆ என்று அது கேட்பதாகத்தானே தோன்றுகிறது? அன்று. 1 அல்லது அதற்கு மேலா என்று கேட்கிறது. இது தெரியாமல் 1, 2, 4 என்று ஏறுவரிசையில் கேள்விகளை அடுக்கியவருக்கு எந்தத் தோல்வியானாலும் முதல் கேள்வியே ஆம் என்றது. பெரிய எண்ணிலிருந்து இறங்குவரிசையில் கேட்க வேண்டும் என்ற இரகசியம் கையேட்டைவிட நண்பர்கள் வழியாகவே பரவியது.

1990களில் தமிழ்நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் மாலையில் கடை கட்டும் முன் அன்றைய கோப்புகளை நெகிழ்வட்டில் நகலெடுப்பது ஒரு சடங்கு. 'எக்ஸ்காப்பி' கட்டளை அதற்கென ஒழுங்கான முடிவெண்களை வைத்திருந்தது: நகலெடுக்கக் கோப்பே இல்லையெனில் 1, இடையில் யாரேனும் விசையை அழுத்தி நிறுத்தினால் 2, வட்டில் இடமில்லையென்றால் 4, எழுதும்போது வட்டு பழுதானால் 5. ஆனால் பலரும் பயன்படுத்தியது எளிய 'காப்பி' கட்டளையை. செயலிக்கு உள்ளேயே இருந்த அக்கட்டளை எந்த முடிவெண்ணையும் பதிப்பதில்லை. அதைக் கேட்டுப் பயனில்லை. அதற்கு முன் ஓடிய வேறேதோ நிரலின் எண்ணே அங்கே கிடக்கும்.

விண்டோஸ் என்டி காலத்தில் %எர்ரர்லெவல்% என்று எண்ணை நேராகவே படிக்கும் வசதி வந்தது. அதனோடு நாம் மேலே குறித்துவைக்கச் சொன்ன பிழையும் வந்தது. பல வரிகளை அடைப்புக்குறிக்குள் இட்டு ஒரு தொகுதியாக எழுதினால், செயலி அந்தத் தொகுதி முழுவதையும் முதலில் படித்து, % குறிகளுக்குள் உள்ளவற்றுக்கு அப்போதே மதிப்பை இட்டு நிரப்பிவிடும். அதன் பிறகுதான் வரிகள் ஓடும். ஆகவே தொகுதியின் உள்ளே ஒரு நிரலை ஓட்டிவிட்டு அடுத்த வரியில் அதன் முடிவெண்ணைக் கேட்டால், கிடைப்பது தொகுதிக்குள் நுழையும் முன் இருந்த பழைய எண். 1905-இன் விளைச்சலைக் கையில் வைத்துக்கொண்டு 1908-இன் கடலுக்கு விலை பேசிய அதே கதை. கேள்வி கேட்கப்பட்டது, விடை வேறொரு நாளுக்கு உரியது. இதற்கு மாற்றாக 'இஃப் எர்ரர்லெவல் 1' என்ற பழைய வடிவத்துக்கே திரும்பலாம். அது ஓடும் நேரத்தில் கேட்கும். அங்கே வேறொரு குழி. நினைவகத்தை மீறித் தொட்டு ஒரு நிரல் வெடித்துச் சாகும்போது விண்டோஸ் அதற்கு இடும் எண் -1073741819. அது 1-ஐவிடச் சிறியது அல்லவா? 1-உம் அதற்கு மேலும் எண்ணைத் தோல்வி என்று கருதும் கேள்வி, இந்தக் கோர மரணத்தை நற்செய்தியாக எடுத்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறானது 'ரோபோகாப்பி'. அங்கே 1 என்றால் கோப்புகள் நல்லபடியாக நகலாயின என்று பொருள். 8 முதல்தான் தோல்வி. 1 வந்ததும் பதறி வேலையை நிறுத்திய எத்தனையோ பேட்ச் கோப்புகள் உலகில் உண்டு.

இவையெல்லாம் பிறர் கதை. எங்கள் கதைக்கு வருகிறோம்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியபோது யூனிகோடு தமிழுக்குப் பரவலாகியிருக்கவில்லை. இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் தம்முள் பேசி வகுத்துக்கொண்ட திஸ்கி குறியேற்றம் ஒருபுறம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டேப், டேம் குறியேற்றங்கள் மறுபுறம். எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் வைத்திருந்த நிறுவனங்கள் வேறு. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதற்குள் பத்தாண்டுத் தமிழ் பல குறியேற்றங்களில் சிதறிக் கிடந்தது. எங்கள் குழுவும் நின்றுபோன ஒரு சிற்றிதழின் கதை, கட்டுரைகளைத் திஸ்கியில் தட்டச்சுச் செய்து சேர்த்து வைத்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள். பெரும்பகுதியைத் தட்டச்சிட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இப்போது அவர் இல்லை.

அவற்றை யூனிகோடுக்கு மாற்ற நினைத்தோம். லினக்ஸில் 'ஐகான்வ்' என்னும் மாற்றி உண்டு. அது சார்ந்திருக்கும் ஜிஎன்யு சி நூலகத்தில் திஸ்கிக்கும் 2002-இலேயே இடம் கிடைத்துவிட்டது. திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னே வரும். யூனிகோடில் பின்னே வரும். கொம்பு, எழுத்து, கால் என்று மூன்றாகக் கிடக்கும் 'கொ'வை ஒன்றுசேர்த்து வரிசை மாற்றித் தரும் நுணுக்கமான வேலையை அது பிசகின்றிச் செய்தது. மூன்றே வரியில் ஒரு கட்டளைக் கோப்பை எழுதினோம். ஒவ்வொரு கோப்பையும் எடு, மாற்றிப் புதிய கோப்பில் எழுது, பழையதை அழி. கடைசியில் 'எல்லாம் முடிந்தது' என்று திரையில் காட்டு. அப்படியே காட்டியது.

சில மாதங்கள் கழித்து அச்சேகரத்திலிருந்து ஒரு சிறுகதையைப் படித்த எங்களில் ஒருவர், அந்தக் காலத்திலேயே இவ்வளவு துணிச்சலான திறந்த முடிவா என்று வியந்தார். வாக்கியத்தின் நடுவே கதை நின்றிருந்தது. நாங்களும் வியந்தோம். அதைப் பற்றி ஒரு மாலை முழுதும் பேசியும் இருக்கிறோம். இரண்டாவது கதையும் அவ்வாறே நின்றபோதுதான் உறைத்தது.

நடந்தது இதுதான். சில கோப்புகளின் இடையே, வேறோர் எழுத்துருவில் தட்டச்சிட்ட பகுதிகள் ஒட்டப்பட்டிருந்தன. திஸ்கி அட்டவணையில் இல்லாத ஒரு பைட்டை அங்கே கண்டதும் மாற்றி நின்றுவிட்டது. அதுவரை மாற்றியதை எழுதிவைத்தது. இன்ன இடத்தில் தெரியாத குறி என்று திரையில் ஒரு வரி சொன்னது. முடிவெண்ணாக 1 விட்டுச் சென்றது. தன் கடமையில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. ஓடும் வரிகளுக்கிடையே அந்த எச்சரிக்கையை நாங்கள் காணவில்லை. அடுத்த வரி முடிவெண்ணைக் கேட்கவில்லை, மூலத்தை அழித்தது. கடைசியாக ஓடியது 'எல்லாம் முடிந்தது' என்று காட்டும் கட்டளையாதலால் மொத்த வேலையின் முடிவெண் பூஜ்யமாகவே அமைந்தது. மாற்றும் வரிக்கும் அழிக்கும் வரிக்கும் நடுவே && என்ற இரண்டு குறிகளை இட்டிருந்தால் மூலங்கள் பிழைத்திருக்கும்.

இன்னொன்றையும் அப்போது கண்டோம். ஒட்டுப்போட்ட பகுதிகள் எல்லாவற்றிலும் மாற்றி நிற்கவில்லை. சிலவற்றில் அந்த வேற்று எழுத்துருவின் பைட்டுகள் தற்செயலாகத் திஸ்கியிலும் ஏதோ ஓர் எழுத்தாக அமைந்திருந்தன. அங்கே மாற்றி குழப்பமின்றித் தொடர்ந்து, பொருளற்ற எழுத்துக்கூட்டத்தை யூனிகோடில் ஒழுங்காக எழுதி, பூஜ்யம் என்று சொல்லி விடைபெற்றது. இவற்றை எந்த முடிவெண்ணும் காட்டிக்கொடுத்திராது. வரிவரியாகப் படித்தே கண்டுபிடித்தோம். ஆனால் இவை முழுதாக மீண்டன. எழுத்துக்கு எழுத்து மாற்றியிருந்ததால் பின்னோக்கி மாற்ற முடிந்தது. சிதைந்தவை திரும்பிவந்தன, வெட்டுண்டவை வரவில்லை.

வெட்டுண்ட கோப்புகள் ஐந்து. மூன்றின் மூலம் ஒரு பழைய குறுந்தகட்டில் கிடைத்தது. நான்காவதை, நண்பர் ஒருவரின் பரணிலிருந்து எடுத்த இதழைப் பார்த்து மறுபடி தட்டச்சிட்டோம். ஐந்தாவது, நாங்கள் ஒரு மாலை முழுதும் வியந்து பேசிய அந்தச் சிறுகதை. அது வெளிவந்த இதழ் இதுவரை எங்கள் கைக்கு வரவில்லை. இரண்டு பக்கம் ஓடி, மழை பெய்யும் ஓர் இரவில், 'அவள் எழுந்து போய்க் கதவைத்' என்ற இடத்தில் நிற்கிறது. திறந்தாளா, தாழிட்டாளா என்பது தெரியவில்லை.